எம்.எஸ்சி. படிக்கப் பணம்: எதை முதலில் கேட்பது, எதைக் கடைசியில் தொடுவது

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். நான் முக்கூடல் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுத்துறாங்க, அப்பா கொத்தனார் வேலை, தம்பி ஒன்பதாவது படிக்கிறான். பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டேன், 84 சதவீதம். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்துகொண்டிருந்தது, இனிமேல் வராது என்கிறார்கள். எம்.எஸ்சி. படிக்க ஆசை. அபிஷேகப்பட்டியில் இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியிலும் இடம் தருகிறார்கள், செமஸ்டருக்கு 38,000 கேட்கிறார்கள், விடுதி தனி. மகளிர் குழுவில் லோன் எடுத்துக் கட்டிவிடலாம் என்று மாமா சொல்கிறார். அம்மா கம்மலை அடகு வைக்கலாம் என்கிறாள். டிகிரிக்கு மேல் ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்று சீனியர் அக்கா சொன்னாள், உண்மையா? பேங்கில் லோன் கொடுப்பார்களா? போனில் "எம்.எஸ்சி. மாணவிகளுக்கு 50,000 உதவித்தொகை" என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது, 499 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறது, கட்டலாமா? நாங்கள் பி.சி., வருமானச் சான்றிதழில் 96,000 என்று இருக்கிறது.

பதில்:

முதலில் மாமாவிடம் சொல்லிவிடு தாயி, குழு லோன் வேண்டாம். நான் வங்கியில் கல்விக்கடன் மேசையில் இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, கடன் விஷயங்களில் வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக்கடன் என்றால் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். வட்டியை விட மோசம் தவணை. வாங்கிய மறுவாரமோ மறுமாதமோ கட்டத் தொடங்க வேண்டும், நீ முதல் செமஸ்டர் பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே அம்மா அதற்காகக் கூடுதலாக இரண்டு கட்டு சுத்த உட்கார்ந்துவிடுவாள். ஒரு தவணை தவறினால் குழுவில் இருக்கிற மற்ற பெண்கள் வாசலில் வந்து நிற்பார்கள், அது அவர்கள் குற்றமும் இல்லை. அப்புறம் அந்தத் தவறிய தவணை கடன் பதிவில் ஏறிவிடும், நாளைக்கு நீ கல்விக்கடனுக்குப் போய் அம்மாவையோ அப்பாவையோ கூட்டுக் கடன்தாரராகக் காட்டும்போது மேனேஜர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பதிவைத்தான். கம்மல் இப்போதைக்கு அம்மா காதிலேயே இருக்கட்டும்.

உன் சீனியர் சொன்னது பாதி சரி. புதுமைப் பெண் முதல் பட்டத்தோடு நின்றுவிடும், முதல் பட்டதாரிச் சலுகையும் எம்.எஸ்சி.க்கு உதவாது. இந்த இரண்டை மட்டும் தெரிந்த பிள்ளைகள் டிகிரிக்கு மேலே எதுவுமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இருக்கிறது. ஆனால் இளங்கலையில் வந்த மாதிரி கல்லூரியே பெயரை எழுதிக்கொண்டு போய் வாங்கித் தராது, நீதான் கேட்க வேண்டும். அதோடு, எந்த உதவி கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் நீ எங்கே சேருகிறாய் என்பதுதான் முடிவு செய்யும். அதனால்தான் உதவித்தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் சீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கோயம்புத்தூர்க் கணக்கைப் போட்டுப் பார். செமஸ்டருக்கு 38,000 என்றால் நான்கு செமஸ்டருக்கு 1,52,000. விடுதி, சாப்பாடு மாதம் 7,000 என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் இருபது மாதத்துக்கு 1,40,000. தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வந்து போக, புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மூன்று லட்சத்தைத் தாண்டிவிடும். நீ படிக்கப் போவது எம்.எஸ்சி. கணிதம். அபிஷேகப்பட்டியில் படித்தாலும் அதே கணிதம்தான், கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் நாளைக்கு நீ எழுதப் போகிற நெட் தேர்வில் எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கப் போவதில்லை. அந்தக் கல்லூரியில் கணிதத்துக்கென்று வேலை வாங்கித் தருகிற ஏற்பாடு ஏதாவது இருந்து, போன வருடம் எம்.எஸ்சி. கணிதம் முடித்த பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டினால் யோசிக்கலாம். கட்டடத்தையும் பஸ்ஸையும் காட்டினால் யோசிக்க வேண்டாம்.

இதில் நம்ம ஊர்ப் பிள்ளைகள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பாளையங்கோட்டையில் பழைய பெரிய கல்லூரிகள் எல்லாம் அரசு உதவிபெறும் கல்லூரிகள்தானே என்று நம்பிச் சேருகிறார்கள். கல்லூரி உதவிபெறுவதாக இருக்கும், ஆனால் நீ சேருகிற எம்.எஸ்சி. சுயநிதிப் பிரிவில் இருக்கலாம். அதே வாசல், அதே கேன்டீன், சில சமயம் அதே வாத்தியார்கூட, ஆனால் கட்டணம் வேறு, அரசு உதவித்தொகைக்கான தகுதியும் வேறு. விண்ணப்பம் வாங்கும்போதே ஆபீஸில் நேராகக் கேட்டுவிடு: "இந்த எம்.எஸ்சி. எய்டடா, எஸ்.எஃப்.பா?" எஸ்.எஃப். என்றால் சுயநிதிப் பிரிவு. கேட்பதற்குக் கூச்சப்படாதே. அபிஷேகப்பட்டியில் இடம் வராமல் போனால் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளையும், உதவிபெறும் பிரிவில் உள்ள எம்.எஸ்சி.யையும் பார், அதற்குப் பிறகு சுயநிதி. வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வர முடிகிற இடமாக இருந்தால் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வேறு இருக்கிறது, மாதச் செலவில் அது சின்ன விஷயம் இல்லை.

போய்வர முடியாத தூரம் என்றால் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையின் கல்லூரி மாணவியர் விடுதியைக் கேள். இதை ஏனோ யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்கும் கல்லூரிக்கும் இவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்ற விதி பையன்களுக்குத்தான், பெண் பிள்ளைகளுக்குக் கிடையாது. தனியார் விடுதிக்கு மாதாமாதம் கொடுக்கிற பணம் மிச்சமாவதும் ஒரு உதவித்தொகைதான். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸில் அந்தத் துறையின் அலுவலகத்தில் கேட்டால் எந்த விடுதியில் முதுகலைப் பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது என்று சொல்வார்கள்.

இப்போது பணமாக வருகிற உதவித்தொகை. உனக்கு நிச்சயமாகப் பொருந்துவது மாநில அரசு பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்குக் கொடுப்பது. மூன்றாண்டு இளங்கலைக்கு வருமான வரம்பு பார்க்காமல் கொடுத்தார்கள், முதுகலைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். நீ 96,000, பிரச்சினையே இல்லை. இதை இப்போது யூமிஸ் என்கிற, கல்லூரி மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கிற மாநில அரசு இணையதளம் வழியாகத்தான் போடுகிறார்கள். உன் யூமிஸ் நம்பர் பழைய கல்லூரியிலேயே இருக்கும், புதிய இடத்துக்கு அதை மாற்றிக் கொண்டுவர வேண்டும். பழைய கல்லூரி உன்னை "படிப்பு முடித்தவர்" என்று பதியாமல் விட்டுவிட்டால் புதிய இடத்தில் உன் பெயர் ஏறாது, அதனால் டி.சி. வாங்கப் போகிற அன்றைக்கே யூமிஸ் பார்க்கிற அலுவலரிடம் இதைச் செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டு வா. தொகை பெரிதாக இருக்காது, அரசு நிர்ணயித்த கட்டணத்தை ஒட்டித்தான் வரும், ஆனால் பல்கலைக்கழகத்திலும் அரசுக் கல்லூரியிலும் கட்டணமே அந்த அளவுதானே.

பெரிய தொகை வேண்டும் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் முதுகலைக்கான தேசிய உதவித்தொகை. மாதம் 15,000, ஆண்டுக்குப் பத்து மாதம், இரண்டு வருடத்துக்கு. கணக்குப் பார்த்தால் மூன்று லட்சம். நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்குக் கொடுக்கிற திட்டம், அதில் 30 சதவீதம் பெண்களுக்கு. இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத்தான் தேர்வு செய்கிறார்கள். 84-க்குக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், நாடு முழுவதும் போட்டி போடுகிறார்கள். ஆனால் முதுகலை முதலாம் ஆண்டில் மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும், இதை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் வந்து "அண்ணாச்சி இப்ப போடலாமா" என்று கேட்கிற பிள்ளைகள் நிறைய. ரெகுலராகச் சேர்ந்திருக்க வேண்டும், தொலைதூரக் கல்விக்குக் கிடையாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில், அதாவது என்.எஸ்.பி.யில் போட வேண்டும். அதற்கு முதலில் ஒருமுறைப் பதிவு என்று ஒன்று இருக்கிறது, ஆதாரை வைத்து முகத்தைச் சரிபார்ப்பார்கள், அதை அட்மிஷன் முடியும் வரை காத்திருக்காமல் இப்போதே செய்து வைக்கலாம்.

பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் அமைச்சகம் கொடுக்கிற உதவித்தொகையும் அதே என்.எஸ்.பி.யில்தான். முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் என்று இத்தனை வீட்டில் பீடித் தட்டு இருக்கிற வட்டாரத்தில் இதைப் போடாமல் விடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000-இல் தொடங்கி 25,000 வரை உண்டு, உச்சத் தொகை தொழிற்படிப்புகளுக்கு, உன்னுடையது மாதிரிப் பொதுப் படிப்புகளுக்குச் சில ஆயிரங்கள்தான். அம்மாவிடம் தொழிலாளர் நல அமைப்பு கொடுத்த பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருக்கிறதா என்று முதலில் பார். கம்பெனி பாஸ் புத்தகம் வேறு, இந்த அட்டை வேறு. இல்லையென்றால் பீடித் தொழிலாளர் மருந்தகத்தில் கேட்டு, கம்பெனியில் கையெழுத்து வாங்கி எடுக்க வேண்டும், கொஞ்சம் அலைச்சல்தான்.

ஆனால் ஒரே படிப்புக்கு ஒரே சமயத்தில் இரண்டு அரசு உதவித்தொகை வாங்க முடியாது. என் யோசனை என்னவென்றால், பீடி உதவித்தொகையை உன் தம்பிக்குப் போடு. அவன் ஒன்பதாவது, அவனுக்கு அது வரும், உன்னுடையதோடு மோதாது. நீ யு.ஜி.சி. திட்டத்துக்கும் மாநில அரசுத் திட்டத்துக்கும் விண்ணப்பி. யு.ஜி.சி. பட்டியலில் பெயர் வந்துவிட்டால் மாநில அரசுடையதை வேண்டாம் என்று கல்லூரி மூலம் எழுதிக் கொடுத்துவிடு, கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள். இரண்டையும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, எல்லாம் ஆதாரில் ஓடுகிறது, பின்னால் திரும்பக் கட்டச் சொல்வார்கள்.

உதவித்தொகை வராமல் போவதற்கு நான் பார்த்த காரணங்களில் தகுதியின்மை குறைவு, காகிதம்தான் அதிகம். நம்ம ஆட்களுக்கு இனிஷியல் ஒரு தொல்லை. ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், மார்க் ஷீட்டில் பின்னால் இருக்கும், பேங்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது மூன்று பிள்ளைகள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் பேங்க் கணக்கையும் மாற்றிக்கொள், இந்த மாதமே. வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும், உன்னிடம் இருப்பது எந்த வருடத்தது என்று தேதியைப் பார், பழையது என்றால் இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் புதிதாகப் போடு. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று கை தாண்டி வர வேண்டும், அட்மிஷன் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் போய் நிற்பார்கள். அப்பா கொத்தனார், அம்மா பீடி, இரண்டு வருமானத்தையும் உண்மையாகச் சொல், எந்த விண்ணப்பத்திலும் இந்தச் சான்றிதழில் உள்ள தொகையையே எழுது.

அப்புறம் பேங்க் கணக்கு. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று எல்லோரும் சொல்வார்கள். லிங்க் ஆகியிருப்பது வேறு, அரசுப் பணம் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தைப் பார்க்கிற என்.பி.சி.ஐ.யில் பதிவாகியிருப்பது வேறு. புதுமைப் பெண் பணம் வந்த கணக்கு பதிவாகித்தான் இருந்திருக்கும், ஆனால் நடுவில் நீ வேறு பேங்கில் இன்னொரு கணக்கு திறந்து அங்கேயும் ஆதார் கொடுத்திருந்தால் பணம் அந்தப் புதிய கணக்குக்குப் போகும், நீ பழைய பாஸ் புக்கை வைத்துக்கொண்டு வரவில்லை வரவில்லை என்று தேடிக்கொண்டிருப்பாய். ஆதார் இணையதளத்திலேயே எந்த பேங்கோடு பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம், இரண்டு நிமிட வேலை.

பட்டியலின, பழங்குடி மாணவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. உங்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் பிஎச்.டி.க்கும் உண்டு, வருமான வரம்பு இரண்டரை லட்சம். 2012-இல் வந்த அரசாணை 92-இன்படி சேரும்போதே கட்டாயக் கட்டணத்தைக் கட்டு என்று உங்களிடம் வசூலிக்கக் கூடாது, கல்லூரி ஆபீஸில் இந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். முழுநேர பிஎச்.டி. படிப்பவர்களுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகையும் கொடுக்கிறது.

சரி, பேங்க் லோன். கொடுப்பார்கள். நான்கு லட்சம் வரை சொந்தப் பணம் போட வேண்டியதில்லை, ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது, பெற்றோரில் ஒருவர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தவணை தொடங்கும், குழுக்கடனோடு ஒப்பிட்டால் அதுதான் பெரிய வித்தியாசம். ஆனால் அதுவரை வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், இலவசம் என்று நினைத்துவிடாதே. மத்திய அரசின் முழு வட்டி மானியம் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்குத்தான், எம்.எஸ்சி. கணிதத்துக்கு அதை எதிர்பார்க்காதே. எம்.சி.ஏ., எம்.பி.ஏ. சேருகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அந்த மானியம் இளங்கலைக்கோ முதுகலைக்கோ ஏதாவது ஒருமுறைதான், பி.இ.க்கு வாங்கியிருந்தால் முடிந்தது. 2024 நவம்பரில் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தரவரிசைப்படி தேர்ந்தெடுத்த நிறுவனங்களில் சேருகிறவர்களுக்கு, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையான கடனுக்கு வட்டியில் 3 சதவீதம் அரசு ஏற்கிறது, வேறு அரசு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. நீ சேருகிற இடம் பட்டியலில் இருக்கிறதா என்று பி.எம். வித்யாலட்சுமி இணையதளத்திலேயே பார்த்துக்கொள்.

விண்ணப்பத்தை ஆன்லைனில் போடு, நேரில் போய் வாயால் மட்டும் கேட்காதே. வாயால் கேட்டால் "எம்.எஸ்சி.க்கெல்லாம் லோன் இல்லம்மா" என்று ஒரு வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதற்கு எந்தப் பதிவும் இருக்காது. நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன், எனக்குத் தெரியும். ஆன்லைனில் போட்டால் மறுப்பதற்குக் காரணம் எழுத வேண்டும். மறுத்தால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீஸில் மனு கொடு, மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போகும். அபிஷேகப்பட்டியில் இடம் கிடைத்து, அரசு விடுதியோ டவுன் பஸ்ஸோ அமைந்துவிட்டால் உனக்கு லோனே தேவைப்படாது என்றுதான் நினைக்கிறேன். அம்மாவின் பி.எஃப்.-இலிருந்து பிள்ளைகள் படிப்புக்கு முன்பணம் எடுக்கவும் வழி இருக்கிறது, அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். இத்தனை வருடம் குனிந்து உட்கார்ந்து சுத்தியதற்கு வயதான காலத்தில் அவளுக்கென்று இருக்கப் போவது அது மட்டும்தான்.

எம்.எஸ்சி.க்குப் பிறகும் படிக்க நினைத்தால் நிலைமை அப்படியே மாறிவிடும், அங்கே படிப்பதற்கே சம்பளம் மாதிரிப் பணம். மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். நடத்துகிற நெட் தேர்வில் கணிதம் உண்டு, அதில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை எடுத்தால் 2023-லிருந்து மாதம் 37,000, இரண்டு வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. எம்.எஸ்சி. கடைசி வருடம் படிக்கும்போதே எழுதலாம். தேசிய உயர்கணித வாரியம் கணித மாணவர்களுக்கென்றே தேர்வு வைத்து எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் உதவித்தொகை கொடுக்கிறது, நம்ம பக்கம் பிள்ளைகள் அதை எழுதுவதே அபூர்வம். தமிழ்நாடு அரசும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை என்று முழுநேர பிஎச்.டி.க்கு மாதம் 25,000 அறிவித்து ஆசிரியர் தேர்வு வாரியமான டி.ஆர்.பி. மூலம் தேர்வு நடத்தியிருக்கிறது. கேட் என்கிற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். பக்கம் போனாலும் மாதம் 12,400 உண்டு. இதற்கெல்லாம் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்க வேண்டும், கடைசி வருடத்தில் தொடங்கினால் நேரம் பத்தாது. உனக்கு மாலையில் டியூஷன் எடுக்கிற யோசனை இருந்தால் எடு, ஆனால் வாரத்தில் இரண்டு நாளை இதற்கென்று விட்டுவிட்டு எடு.

அந்த 499 ரூபாய் லிங்க்கைத் திறக்கவே வேண்டாம். என்.எஸ்.பி.யிலோ யூமிஸிலோ போடுகிற எந்த அரசு உதவித்தொகைக்கும் பதிவுக் கட்டணம் கிடையாது, இ-சேவை மையத்திலோ நெட் சென்டரிலோ டைப் செய்து கொடுப்பதற்கு வாங்குகிற காசு அவர்கள் கூலி, அது வேறு. ஓ.டி.பி. கேட்டு யார் போன் செய்தாலும் வைத்துவிடு. ஒருவேளை ஏற்கெனவே கட்டிவிட்டு என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு "கட்டலாமா" என்று கேட்டிருந்தால், இன்றைக்கே 1930-க்குப் போன் செய்து புகார் கொடு, பேங்கிலும் சொல்லிவிடு, தாமதித்தால் பணம் திரும்புவது கஷ்டம்.